என் பேரில் ஒரு ஆபரேஷன்

ஜூன் 12, வியாழன்

மழை இன்னும் பிடிக்கவில்லை. காலையில் பத்து நிமிஷம் கொட்டு, பிறகு வெயில். குடை வெறும் சுமை.

செய்ய:
— கேஸ் புக் பண்ண
— பெட்டிச் சக்கரம் மாற்ற (குர்லா ஸ்டேஷன் வெளியே ஒருத்தர்)
— டாக்கா ரிப்போர்ட், நாலு பக்கம் பாக்கி
— மெடிக்ளெய்ம்

கடைசி ஐட்டம் மூணு வாரமாக லிஸ்டில். மற்றதெல்லாம் மாறுகிறது, அது மட்டும் குத்துக்கல்.

கம்பெனியை விட்டு இருபத்திரண்டு நாள். பதினாலு வருஷம் அவர்களுக்காகப் பார்த்த அதே வேலை, இனி சொந்தத்தில். வெளிநாட்டுக்காரன் சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் தைக்கிற பாக்டரிக்கு நான் போய்ப் பார்க்கவேண்டும். ரெஜிஸ்டர் நிஜமா, தீ வாசல் திறக்கிறதா, ஓவர்டைம் கொடுக்கிறார்களா, வயசு வராதவர்கள் மிஷினில் இருக்கிறார்களா. திருப்பூர், டாக்கா, நைரோபி, அம்பர்நாத். மாசத்தில் பாதி நாள் பெட்டியும் நானும். செம்பூர் வீட்டில் செடி வைத்தால் காய்கிறது. வைப்பதில்லை.

புது ஏஜென்சி ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்கள். முதல் ட்ரிப் நைரோபி, ஜூலை 14. ஏழாவது ஷரத்து: உள்ளூர், வெளிநாடு இரண்டுக்கும் செல்லுபடியாகும் ஹெல்த் பாலிசி. நகல் ஜூலை 7-க்குள். இல்லாவிட்டால் வேறு ஆள். இந்தத் தொழிலில் முதல் ட்ரிப் கைமாறினால் இரண்டாவதும் அந்தக் கைக்கே போகும்.

பழைய கம்பெனி கார்டு இந்த மாசக் கடைசியோடு முடிகிறது.

மாதவிலக்கு எட்டாம் நாள். நிற்கவில்லை. மார்ச்சில் டாக்காவில் ஆரம்பித்த கூத்து. டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதுவார், எழுதினால் அது 'ஏற்கெனவே உள்ள நோய்'. முதலில் பாலிசி, அப்புறம் டாக்டர். சரியில்லை என்று தெரியும். ஊரே இப்படித்தான்.


ஜூன் 14, சனி

மாட்டுங்கா. ராமநாதன் சார் — பாங்கில் ரிடையர் ஆனவர், இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஓட்டலில் பார்ப்பதுதான் அவர் ஆபீஸ். ஒரு காப்பியை இரண்டாகச் சொல்லிப் பாதியை எனக்குத் தள்ளுவார்.

அவர் போட்டுக்காட்டிய கணக்கு, என் பாஷையில்:

அ. உள்ளூர் பாலிசி. நல்லது. விமானம் ஏறினால் நான் அநாதை.
ஆ. வருஷம் பூரா எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர டிராவல் பாலிசி. விபத்து, திடீர் நோய் மட்டும். பழைய வியாதி கிட்டே வராது.
இ. உலகம் பூரா செல்லும் பாலிசி, அமெரிக்கா நீங்கலாக. ஆனால் நோய் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டுமாம். இதை நோயிடம் யார் சொல்வது?
ஈ. பழைய கார்டு கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேயே தனிப் பாலிசியாக மாற்றி, மேலே வெளிநாட்டுக் கவர் ஒட்டுவது. பதினாலு வருஷம் கணக்கில் வரும். புதுப் பாலிசி என்றால் சில வியாதிகளுக்கு இரண்டு மூணு வருஷம் வாய்தா. இதில் வாய்தா இல்லை.

வாய்தா லிஸ்டில் கர்ப்பப்பை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு 'ஈ' என்றேன்.

இன்னொரு வரி: 'உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு'. பயன்கள் என்ற தலைப்பின் கீழ்.

பக்கத்து மேஜை மாமிகள்: "அவ அமெரிக்காவிலே பொண்ணாத்துக்குப் போயி மூணு நாள் ஆஸ்பத்திரிலே கெடந்தா. பில்லைப் பாத்த ஆத்துக்காரரை அட்மிட் பண்ணும்படி ஆயிடுத்து."

சாயங்காலம் ராமநாதன் சார் போன். "கனி, உங்க ஹிஸ்டரி எடுத்துப் பாத்துட்டேன். பதினாலு வருஷத்துலே ஒரே ஒரு க்ளெய்ம். ஆறு வருஷம் முன்னாடி, யூட்ரஸ் ரிமூவல். அதுலே ஒண்ணும் பிரச்சினை இல்லே. எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு. ஃபாரத்துலே எஸ்னு டிக் பண்ணிடுங்கோ, போறும்."

சரி என்றேன். போனை வைத்தேன்.

என் கர்ப்பப்பை என்னிடம்தான் இருக்கிறது. பத்து நாளாக ஓயாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எடுத்தது அக்காவுக்கு.


ஜூன் 15, ஞாயிறு

இதை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆறு வருஷம் முன்னால். செல்வி அக்காவுக்குப் பத்து மாசமாக உதிரப்போக்கு. ரத்தம் ஆறு பாயிண்டுக்கு இறங்கிவிட்டது. தாராவியில் அத்தானின் பெல்ட் பட்டறை படுத்துக்கிடந்த சமயம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி நாலு மாசம் கழித்து. அத்தனை நாள் தாங்காது என்று அங்கேயே ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

என்னிடம் கம்பெனி கார்டு. கணவன், பிள்ளைகள், அம்மா, அப்பா வரைக்கும் செல்லும். கூடப்பிறந்தவர்களுக்குக் கிடையாது. எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கார்டு சும்மா கிடந்தது.

தாராவியில் எங்கள் சந்தில் இது புதுசும் இல்லை. ஒருத்தர் கம்பெனி கார்டில் மூணு மச்சினன்மார் படுத்து எழுந்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன், கார்டு எல்லாம் ஒரு வீட்டுக்கு வந்தால் நாலு வீட்டுக்கு. யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை. எனக்குப் பட்டது. பட்டும் செய்தேன்.

ஆதார் போட்டோவில் நான் என்னைப்போல இருக்க மாட்டேன். அக்காவைப்போல இருப்பேன். கவுண்டரில் இருந்தவர் நிமிரக்கூட இல்லை. ஆறு நாள் அக்கா கட்டிலில் சண்முகக்கனியாகப் படுத்திருந்தாள். நான் ஸ்டூலில் செல்வியாக உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என்னிடம், "உங்க தங்கச்சிக்குக் கஞ்சி கொடுக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கத் தலையணையைப் பிடித்துக்கொண்டோம். அக்காவுக்குத் தையல் இழுத்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எங்கள் புளுகு ஆறு வருஷம் ஓடியிருக்கிறது.

அக்கா பிழைத்தாள். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.


ஜூன் 17, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் அரை மணி நின்றது. லேடீஸ் பெட்டியில் ஒருத்தி வெண்டைக்காய் நறுக்கி முடித்துவிட்டாள்.

மாட்டுங்காவில் ஃபாரம். கேள்வி 9: இதுவரை அறுவை சிகிச்சை ஏதாவது?

'இல்லை' என்றால் அவர்கள் பதிவோடு மோதும். 'ஆம்' என்றால் என் வயிற்றோடு மோதும். முதலாவது நிஜம், பொய் மாதிரி தெரியும். இரண்டாவது பொய், நிஜம் மாதிரி தெரியும்.

'ஆம்' போட்டேன்.

கேள்வி 11: அதிக உதிரப்போக்கு உண்டா? கர்ப்பப்பை இல்லாதவளிடம் இந்தக் கேள்வி கிடையாது. ராமநாதன் சாரே கோடு இழுத்துவிட்டார். "உங்களுக்கு இது பொருந்தாது."

ரயிலில் யோசித்தது: இந்தப் பாலிசி எனக்குத் தலைவலி, மலேரியா, கால் முறிவு, உடலைத் தாயகம் கொண்டுவருவது எல்லாம் தரும். நைரோபியில் ரத்தம் போய் விழுந்தால் தராது. இல்லாத உறுப்புக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். எது வேண்டுமென்று இதை எடுக்கிறேனோ அதற்கு மட்டும் செல்லாது.

தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். ஜூலை 7 நெருங்குகிறது.


ஜூன் 20, வெள்ளி

இன்ஷூரன்ஸ் கம்பெனி மெடிக்கல் டெஸ்ட் கேட்டது. வயசு நாற்பத்து நாலு, வெளிநாட்டுக் கவர் வேறு. வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள். செம்பூர் சென்டர். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. கடைசியில் வயிற்றுக்கு சோனோகிராபி. அது லிஸ்டில் இருந்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

ஓடியிருக்கலாம். ஸ்கேனுக்காக அங்கேயே ஆறு கிளாஸ் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். அந்த வயிற்றோடு யாரும் ஓட முடியாது.

டாக்டர், மராட்டிப் பெண், என்னைவிடச் சின்னவர். ஜெல் சில்லென்று. திரையைப் பார்த்தார், என் ஃபைலைப் பார்த்தார், மறுபடி திரை.

"ஹிஸ்டரி மே லிக்கா ஹை நிகால் தியா." எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறதாம்.

நான் சீலிங்கைப் பார்த்தேன்.

"லேகின் யே தோ ஹை." ஆனால் இது இருக்கிறதே என்றார். திரையை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒன்று, அதற்குள் கருப்பாக இன்னொன்று. "கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. ரத்தம் ரொம்பப் போகுமே? டாக்டரைப் பார்க்கவில்லையா?"

துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்தார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்," என்றார் இந்தியில். கோபமாக இல்லை. பாக்டரிகளில் நான் சொல்லும் அதே வார்த்தை, அதே தொனி.

வெளியே வந்து வடா பாவ் இரண்டு தின்றேன். பயமாக இருந்தது. கட்டிக்கா கம்பெனிக்கா என்று பிரிக்கத் தெரியவில்லை.


ஜூன் 21, சனி

ராமநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி ஆறியது.

"ஐயையோ. அக்காவுக்கா? ஏம்மா இப்படி?"

பிறகு குரலைத் தாழ்த்தி: "சரி, கேளுங்கோ. ரிப்போர்ட் இன்னும் மேலே போகலே. மெஷின் தகராறுன்னு சொல்லி வேற சென்டர்லே ரீ-டெஸ்ட் கேக்கலாம். எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. ஃபாரத்துலே என்ன இருக்கோ அதையே எழுதித் தருவா. யாருக்கும் நஷ்டமில்லே."

"யாருக்கும் நஷ்டமில்லை" — இதை நான் எத்தனை மேனேஜர்கள் வாயிலிருந்து கேட்டிருப்பேன். திருப்பூரில் தமிழில், டாக்காவில் பங்களாவில், அம்பர்நாத்தில் "சல்தா ஹை மேடம்", இதெல்லாம் நடக்கிறதுதான் என்று.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.


ஜூன் 22, ஞாயிறு

தாராவி. மழையில் சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அக்கா வீடு மாடியில். கீழே பட்டறை, ஞாயிறு என்பதால் மிஷின் சத்தம் இல்லை. அத்தான் வெளியே. நித்யா — அக்காவின் ஒரே பிள்ளை, பதினாறு வயசு — டியூஷனில். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

சொன்னேன்.

"ஏட்டி, எஸ்ஸுன்னு போட்டாச்சுல்லா? பொறவு என்ன கொடச்சல் ஒனக்கு? அந்த சார்தான் வேற எடம் இருக்குங்காருல்லா."

"நடந்தத எழுதிக் கொடுத்துரலாம்னு பாக்கேன்க்கா."

மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "என் பேரயா? போலீஸு கீலீஸுன்னு வந்தா? எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னாவும் தெரியுமா? ஆம்பளப்புள்ளைக்கு இன்னும் கோயிலு கோயிலா நேந்துக்கிட்டு இருக்காவ."

"நாப்பத்தாறு வயசுலயா?"

"அவியளுக்கு அதெல்லாம் கெடையாது. எடுத்தாச்சுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஒங்க அத்தானுக்கு வேற பொண்ணு பாத்திருப்பாவ. நித்யாவுக்கே தெரியாது. நான் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கேன்னுல்லா சொல்லிவச்சோம். காயிதம் ஒன் பேர்ல இருந்ததுனால தப்பிச்சேன்."

இது எனக்குப் புதுசு. ஆறு வருஷமாக நான் அவளுக்குக் கார்டைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் பேரும் தேவைப்பட்டிருக்கிறது.

"ஒனக்கென்ன, ஒத்தக்கட்ட," என்றாள். "ஒனக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

தைத்தது. அக்காவிடம் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு சொன்னேன்: "எனக்கும் ரத்தம் போவுதுக்கா. நாலு மாசமா. உனக்குப் போன மாதிரியே."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் மீன் செதில். அப்படியே முகத்தைத் துடைத்தாள். நாலு செதில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தியேட்டர்ல இருந்து கொண்டாந்து போட்டுட்டு, சண்முகக்கனி, சண்முகக்கனின்னு கூப்பிட்டாவ. எனக்கு நல்லாக் கேக்கு. ஒன்னத்தான் கூப்பிடுதாவன்னு நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடியே கெடந்தேன். கன்னத்துல அடிக்காவ. ஒருத்தரும் என் பேரச் சொல்லல. செத்துட்டேன் போலுக்கு, இதான் சாவுன்னு நெனச்சேன்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அன்று நான் வராண்டாவில் இருந்தேன். 'பேஷண்ட் கண்முழிக்க லேட்டாகுது' என்று மட்டும் சொன்னார்கள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மீன் குழம்பில் உப்பு இல்லை.


ஜூன் 24, செவ்வாய்

அம்பர்நாத். சட்டை பாக்டரி, பழைய வாடிக்கை, ஒரு நாள் வேலை. தீ வாசல் சரி. குடிதண்ணீர் சரி. கழிவறை: கதவுக் கொண்டி இரண்டில் இல்லை.

காஜா மிஷினில் ஒரு பெண். கார்டில் சரோஜா, வயசு இருபத்தாறு. 'சரோஜா' என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தபிறகு திரும்பினாள். அக்கா கார்டாம். அக்காவுக்குப் பிரசவம், வேலை போய்விடக் கூடாதென்று தங்கை மூணு மாசமாக வருகிறாள். நல்ல தமிழ், நெல்லைப் பக்கம்தான். "எழுதிராதீங்க மேடம்" என்றாள்.

மேனேஜர்: "பெஹன் ஹை மேடம், அட்ஜஸ்ட் கர்லோ." தங்கைதானே, விட்டுவிடுங்கள் என்கிறார்.

இது வாரம் ஒன்று பார்ப்பதுதான். வழக்கமாக எழுதுவேன், மறந்துவிடுவேன். இன்று பேனா நின்றது. அந்த மிஷினில் அவள் விரலில் ஊசி ஏறினால் மருந்து, நஷ்டஈடு எல்லாம் சரோஜாவுக்குத்தான் போகும். இவளுக்கு விரல் மட்டும்.

எழுதினேன். கூடவே, இருவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, தங்கையைச் சொந்தப் பேரில் சேர்க்கவேண்டும் என்றும் எழுதினேன். பரிந்துரை எழுத எனக்கு அதிகாரம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதிகம் உபயோகித்ததில்லை.

திரும்பும் ரயிலில் ராமநாதன் சாருக்கு மெசேஜ்: வேற சென்டர் வேண்டாம். கம்பெனிக்கு லெட்டர் எழுதப்போகிறேன்.


ஜூன் 26, வியாழன்

லெட்டர். நாலு தடவை அடித்துத் திருத்தி. முதல் பிரதியில் 'சூழ்நிலை காரணமாக' என்று இருந்தது. பாக்டரிக்காரர்கள் எழுதினால் நான் சிவப்பு மையில் வட்டமிடும் வார்த்தை. எடுத்துவிட்டேன்.

கடைசிப் பிரதி ஆறு வரி. ஆபரேஷன் எனக்கு நடக்கவில்லை. என் பேரில் வேறொருவருக்கு நடந்தது. தெரிந்தே செய்தேன். க்ளெய்ம் தொகையைத் திருப்பிக் கட்டுகிறேன். என் ஃபாரத்தில் 9-ஆவது கேள்விக்கும் 11-ஆவது கேள்விக்கும் எழுதியது தவறு. எனக்கு உதிரப்போக்கு இருக்கிறது.

அக்கா பேர் எழுதவில்லை.

ராமநாதன் சார் படித்துவிட்டு: "இதை அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமோ? பதினாலு வருஷமும் போயிடும். கேஸ் போட்டாலும் போடுவா. நைரோபி?"

தெரியும் என்றேன். அவர் இரண்டு காப்பி முழுசாகச் சொன்னார்.


ஜூலை 1, செவ்வாய்

காற்றும் மழையுமாக. குடை கம்பி உடைந்தது.

கம்பெனி நேரில் கூப்பிட்டது. ஃபோர்ட் ஏரியாவில் ஆபீஸ், நாலாவது மாடி. லிப்ட் வாசலில் அக்கா. பட்டுக்கரை போட்ட நல்ல சேலை, முழங்கால் வரை நனைந்து. நான் கூப்பிடவில்லை. ஃபாரத்தில் நாமினியாக அக்கா நம்பர் இருந்தது; ராமநாதன் சார் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குக்கா?"

"பேசாம வாட்டி."

அதிகாரி, ஐம்பது வயசு, மரியாதையான ஆள். என் லெட்டரை மேஜையில் வைத்துக்கொண்டு, யாருக்கு ஆபரேஷன் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். நீங்கள் இப்போது வேறு காரணத்துக்காகக்கூட இப்படிச் சொல்லலாமே? நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்பேன்.

அக்கா முன்னால் வந்தாள். "ஆபரேஷன் மேரா ஹுவா, சாப். இஸ்கா நஹி." எனக்குத்தான், இவளுக்கில்லை என்று; தாராவி இந்தி, தாராவிச் சத்தம். ஆபீஸே திரும்பியது. "தழும்பு மேரே பாஸ் ஹை. தேக்கோ" என்று சேலைக் கொசுவத்தில் கை வைத்துவிட்டாள்.

அவர் துள்ளி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் காலண்டர். அதைப் பார்த்தபடியே, "மேடம், ப்ளீஸ், மேடம்" என்றார்.

ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்கள். பீரோவுக்குப் பின்னால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு நிமிஷம். வெளியே வந்து, "ஹை" என்றாள். இருக்கிறது.

அதிகாரி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பேஷண்ட் பேர் என்ன?

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "செல்வி," என்றாள். "செல்வி முருகேசன்." அவர் எழுதும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த இரண்டு வார்த்தையையும் கூட்டிப் படித்தாள்.

கீழே வந்து மழையில் நின்றோம். அக்கா சேலைக் கரையைப் பிழிந்தாள். "ஏட்டி, பசிக்குது," என்றாள்.


ஜூலை 4, வெள்ளி

மெயில் வந்தது. மூணு பத்தி.

— பழைய கார்டைத் தனிப் பாலிசியாக மாற்ற முடியாது. பதினாலு வருஷம் செல்லாது.
— க்ளெய்ம் தொகை திருப்பிக் கட்டவேண்டும். கட்டினால் மேல் நடவடிக்கை இல்லை.
— விருப்பமிருந்தால் புது ஆளாக விண்ணப்பிக்கலாம். கர்ப்பப்பை சம்பந்தமான எதற்கும் மூணு வருஷம் கவர் கிடையாது.

ஏஜென்சிக்கு எழுதினேன், 7-ஆம் தேதிக்குள் நகல் வராதென்று. அரை மணியில் பதில். நைரோபி வேறொருவருக்கு. ஆகஸ்டில் டாக்கா இருக்கிறது, அதற்குள் பாலிசி வந்தால் 'பார்க்கலாம்'.

பார்க்கலாம் என்றால் என்னவென்று தெரியும். வருத்தமாக இருந்தது. நைரோபியில் முன்னால் போன ஒரு பாக்டரி வாசலில் ஊதாப் பூ மரம் ஒன்று உண்டு, அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்துக்கிடந்தேன். வேறொன்றுமில்லை.

மத்தியானம் டாக்டரிடம் போனேன். நாலு மாசம் தள்ளிப்போட்ட காரியம், இருபது நிமிஷத்தில் முடிந்தது. மாத்திரை எழுதியிருக்கிறார். ஆறு வாரம் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் பேச்சு. சீட்டில் பேர், வயசு, வியாதி, மூன்றும் என்னுடையவை.

அக்காவிடம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "புதுசா எடுக்கதுன்னா யாரு வேணும்னாலும் எடுக்கலாமா? பட்டறக்காரன் பொண்டாட்டியும்?"

எடுக்கலாம் என்றேன்.

"வரும்போது எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கியா."


ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. துணி காயவில்லை.

அக்காவே செம்பூர் வந்துவிட்டாள், நித்யாவோடு. டப்பாவில் இடியாப்பம். ஃபாரம் இரண்டு, பேனா இரண்டு. எல்லாம் இங்கிலீஷ். என்னுடையதை நான் எழுதினேன், அக்காவுடையதை நித்யா. நித்யாவுக்குத் தமிழ் படிக்க வராது, பேசுவாள்.

என் கேள்வி 9. 'இல்லை.' எழுதிவிட்டுப் பார்த்தேன். கேள்வி 11. 'ஆம்.' இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

நித்யா வேகமாகக் கேட்டுக்கொண்டே போனாள். "பி.பி.? நோ. ஷுகர்? நோ. ஸ்மோக்கிங்? மம்மி, பீடி பீத்தி ஹை க்யா?" சிரித்தாள். அக்கா அவள் தோளில் ஒன்று வைத்தாள்.

"எனி சர்ஜரி? நோ தானே மம்மி," என்று பேனாவை வைக்கப் போனாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"எஸ்ஸுன்னு போடு."

"கிஸ்கா? யாருக்கு மம்மி?"

"எனக்குத்தான். எப்ப, எங்கன்னு சொல்லுதேன், எழுதிக்கோ."